நச்சு படிந்த நிலத்துக்கு எப்போது திரும்பலாம்?

ஓர் ஊரில் வேதிப்பொருள் கசிந்துவிட்டது, அல்லது எப்போதோ புதைத்த கழிவு மேலே வரத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால், அங்குள்ள மக்களை வெளியேற்றுவது வேதனையான முடிவாக இருந்தாலும் அதற்கான காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அவர்களைத் திரும்ப வரச் சொல்வதுதான் அதைவிடக் கடினம். வெளியேறிய நாளில் நெடியும் கண்ணெரிச்சலும் இருந்திருக்கலாம். திரும்பும் நாளில் மண் பழைய மண்ணைப் போலவே கிடக்கும், மரம் தளிர்த்திருக்கும், கிணற்று நீர் தெளிவாக இருக்கும். "இனி போகலாமா?" என்று கேட்பவர் ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல்லையே எதிர்பார்க்கிறார். ஆனால் யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், எவ்வளவு காலம் இருக்கப் போகிறார்கள், அதன்பின் அந்த நிலத்தை யார் கண்காணிக்கப் போகிறார்கள் என்ற நான்கு கேள்விகளும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "இந்த நிலம் பாதுகாப்பானது" என்று அறிவித்தால், அந்த அறிவிப்பை நம்பி யாரும் குடியேறக் கூடாது என்பதே என் கருத்து. அந்த நான்கு கேள்விகளுக்கும் எப்படி விடை காண்கிறார்கள் என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

இந்தச் சிக்கலின் மிக எளிய வடிவம் பூச்சிமருந்து தெளித்த வயல். மருந்து தெளித்த பிறகு தொழிலாளர்கள் மீண்டும் வயலில் இறங்கக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. அமெரிக்க விதிகளில், மருந்தின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப இந்தக் காத்திருப்பு பொதுவாக 12, 24 அல்லது 48 மணி நேரமாக வகுக்கப்பட்டிருக்கிறது; மழை குறைந்த பகுதிகளில் மிக நச்சான சில ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளுக்கு அது 72 மணி நேரமாகிறது. மழை குறைவு என்றால் காத்திருப்பு ஏன் நீள வேண்டும்? இலையில் படிந்த மருந்தை மழையும் ஈரமும்தான் கழுவிச் சிதைக்கின்றன. அவை இல்லாத இடத்தில் மருந்து இலையிலேயே தங்கி, அறுவடை செய்பவரின் கையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொள்கிறது. ஆக, அந்த மணிக்கணக்கு மருந்தின் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை. மருந்து, தட்பவெப்பம், அந்த இலையைத் தொடப்போகும் கை ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. பெரிய மாசு நிலங்களிலும் இதே கணக்குத்தான் போடப்படுகிறது. மணிகளுக்குப் பதிலாக அங்கே ஆண்டுகள் வரும்.

காற்றில் பரவிய நச்சையும் மண்ணில் இறங்கிய நச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது அடுத்த படி. போபாலில் 1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அந்த வாயு நீரோடு வினைபுரிந்து சிதையக்கூடியது; காற்றில் கலைந்தும் போகும். அந்த வாயுவைப் பற்றி மட்டும் கேட்டால், மீண்டும் உள்ளே போகலாமா என்ற கேள்விக்குச் சில நாட்களிலேயே விடை சொல்லிவிடலாம். ஆனால் ஆலை இயங்கிய காலமெல்லாம் வளாகத்திலும் அதையொட்டிய குட்டைகளிலும் கொட்டப்பட்ட கழிவு வேறு கதை. வாயு மறைந்த பிறகும் மண்ணும் நிலத்தடி நீரும் பல பத்தாண்டுகளுக்கு மாசடைந்தே கிடந்தன. ஆலையில் எஞ்சியிருந்த கழிவில் 337 டன் அங்கிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டதே 2025 ஜனவரியில்தான். ஒரே இடத்தில் இரண்டு நச்சுகள், இரண்டு கடிகாரங்கள். ஒன்றின் நேரம் முடிந்ததை வைத்து மற்றொன்றும் முடிந்துவிட்டதாக நினைப்பது இத்துறையில் அடிக்கடி நேரும், மன்னிக்க முடியாத பிழை.

நச்சு ஓர் இடத்தில் இருக்கிறது என்பதாலேயே அது ஒருவருக்குத் தீங்கு செய்துவிடாது. தீங்கு நேர வேண்டுமானால் நச்சின் மூலம், அது பயணம் செய்யும் பாதை, அந்தப் பாதையின் முடிவில் ஓர் உயிர் ஆகிய மூன்றும் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்க வேண்டும். நிலத்தைத் திறப்பதா என்று முடிவெடுப்பவர்கள் முதலில் வரைவது இந்தச் சங்கிலியைத்தான். மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பது ஒரு பாதை. காற்றில் பறக்கும் தூசி ஒரு பாதை. கிணறு, அந்த மண்ணில் விளைந்த கீரை, அங்கே மேயும் மாட்டின் பால், அருகிலுள்ள குளத்து மீன் ஆகியவை வேறு பாதைகள். எளிதில் மறந்துபோகும் பாதை ஒன்றும் உண்டு: டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்கள் நிலத்தடியிலிருந்து ஆவியாக மேலேறி, தரையின் விரிசல்கள் வழியாகவும் குழாய் இறங்கும் துளைகள் வழியாகவும் வீட்டுக்குள் நுழைகின்றன. வெளியே திறந்தவெளியில் அளந்தால் எதுவும் தென்படாது. கதவு சன்னல் பூட்டிய அறைக்குள் அது சேர்ந்துகொண்டே போகும். முற்றத்து மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டோம், ஆகவே வீடு பாதுகாப்பானது என்று சொல்வதை இத்தகைய இடங்களில் ஏற்க முடியாது. வீட்டுக்குள் அளக்க வேண்டும். அதுவும் ஒருமுறை மட்டும் அளந்தால் போதாது, வெவ்வேறு பருவங்களில் அளக்க வேண்டும்.

சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் தீங்கு நின்றுவிடும். மண்ணைத் தோண்டி அகற்றுவது மூலத்தை அறுப்பது; மேலே களிமண்ணும் தார்த்தளமும் போட்டு மூடுவது பாதையை அறுப்பது; மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவது மூன்றாவது கண்ணியை அறுப்பது. இம்மூன்றும் சமமானவை அல்ல. அகற்றிய நச்சு மீண்டும் அங்கே வராது. மூடிய நச்சு, மூடி உடையும் நாளுக்காகக் கீழே காத்திருக்கும்.

எந்த அளவு வரை பரவாயில்லை?

இந்தக் கேள்விதான் எல்லோரையும் குழப்புகிறது; ஆய்வறிக்கையில் வரும் எண்களை மந்திரம் போல ஓதுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று ஒருமுறை கைக்கணக்காகப் போட்டுப் பார்த்தால் பயமும் தெளியும், கண்மூடித்தனமான நம்பிக்கையும் தெளியும்.

ஒரு நச்சுப் பொருளை ஒருவர் தன் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.001 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் உட்கொண்டாலும் தீங்கு நேராது என்று ஆய்வுகள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். (இந்த அளவும் வானத்திலிருந்து விழுவதில்லை. விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவைக் கண்டுபிடித்து, விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தாலும், மனிதருக்குள் நோயாளி, கர்ப்பிணி, குழந்தை என்று இருக்கும் வேறுபாட்டுக்காக மீண்டும் பத்தாலும் வகுப்பது வழக்கம்.) இனி 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நாளில் தாங்கக்கூடியது 0.015 மில்லிகிராம். தரையில் விளையாடி விரலைச் சப்பும் சிறு குழந்தை ஒரு நாளில் 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குவதாகக் கணக்கில் கொள்வது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழக்கம். அந்த 200 மில்லிகிராம் மண்ணுக்குள் 0.015 மில்லிகிராம் நச்சு இருக்கலாம் என்றால், ஒரு கிலோ மண்ணில் 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். இதே கணக்கை 80 கிலோ எடையுள்ள, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மண் உட்கொள்ளும் பெரியவருக்குப் போட்டால் கிடைப்பது ஒரு கிலோ மண்ணுக்கு 800 மில்லிகிராம். நச்சு ஒன்றே, மண் ஒன்றே. பெரியவருக்கான எல்லை குழந்தைக்கான எல்லையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கிலோவுக்கு 400 மில்லிகிராம் இருக்கும் ஒரு மனை, காவலாளி ஒருவர் பகலில் வந்துபோகும் கிடங்குக்கு ஏற்றதாகவும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சற்றும் பொருந்தாததாகவும் இருப்பது இப்படித்தான்.

புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் பலவற்றுக்கு இன்ன அளவுக்குக் கீழே தீங்கே இல்லை என்று கோடு கிழிக்க முடிவதில்லை. அங்கே கணக்கு நிகழ்தகவாக மாறுகிறது. வாழ்நாள் முழுவதும் அங்கே இருப்பவர்களில் கூடுதலாக எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்று மதிப்பிட்டு, 10 லட்சத்தில் ஒருவர் முதல் 10,000-இல் ஒருவர் வரையிலான வரம்பை அமெரிக்காவில் அளவுகோலாகக் கொள்கிறார்கள். இந்த வரம்பை வகுப்பது அறிவியல் மட்டுமல்ல. எவ்வளவு ஆபத்தை ஒரு சமூகம் ஏற்கலாம் என்ற அறம் சார்ந்த தீர்ப்பும் அதில் இருக்கிறது. ஆகவே, அந்த ஆபத்தைச் சுமக்கப் போகும் மக்கள் அந்தத் தீர்ப்பில் பங்குபெற வேண்டும் என்று கேட்பதை அறிவியலுக்கு எதிரான கூச்சலாக ஒதுக்குவது நியாயமாகாது.

எண்கள் நிலையானவையும் அல்ல. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்க முகமை நெடுங்காலம் கொண்டிருந்த வழிகாட்டு அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். 2024 ஜனவரியில் அதை 200-ஆகக் குறைத்தார்கள். அந்த ஆண்டில் மண் மாறவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை மிகக் குறைந்த ஈயமும் பாதிக்கிறது என்ற அறிவு கூடியது. முன்பு "பாதுகாப்பானது" என்று முத்திரை குத்தப்பட்ட நிலங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய கடமை அப்போது வந்துசேர்கிறது.

மாதிரி எடுப்பதில் இருக்கும் சூட்சுமம்

எல்லை அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதோடு ஒப்பிடும் அளவீடு தவறாக இருந்தால் எல்லாம் வீண். ஒரு மனையில் பத்து இடங்களில் மண் எடுக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட எல்லை கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஒன்பது இடங்களில் 20 கிடைக்கிறது, பத்தாவது இடத்தில், பழைய பீப்பாய்கள் கிடந்த மூலையில், 1,500 கிடைக்கிறது. சராசரி போட்டால் 168. எல்லைக்குள் இருக்கிறது, திறந்துவிடலாம் என்று ஓர் அறிக்கை எழுதிவிட முடியும். ஆனால் அந்த மூலையில்தான் நிழல் இருக்கிறது, அங்கேதான் குழந்தைகள் விளையாடுவார்கள் என்றால் அந்தச் சராசரிக்கு என்ன மதிப்பு? இதனால்தான் வெறும் சராசரியை நம்பாமல், உண்மையான சராசரி 95 விழுக்காடு உறுதியுடன் இதற்குமேல் போகாது என்று சொல்லக்கூடிய மேல் வரம்பைக் கணக்கிடச் சொல்கிறார்கள். இந்தப் பத்து எண்களுக்கும் வழக்கமான முறையில் அதைக் கணக்கிட்டால் சுமார் 440 வருகிறது, மனை தேறவில்லை. அந்த மூலையைத் தனியே தோண்டி அகற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

ஆழமும் முக்கியம். மேல் மண் சுத்தமாக இருக்கலாம். அரை மீட்டர் கீழே அப்படி இல்லாமல் இருக்கலாம். திரும்பி வருபவர் மரம் நடக் குழி தோண்டுவார், அடித்தளம் போடுவார், குழாய் பதிப்பார். கீழே இருந்தது மேலே வரும். ஆகவே அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் எவ்வளவு ஆழம் வரை மாதிரி எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆய்வக அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் பலரும் அதைச் சுழியம் என்று படிக்கிறார்கள். அந்தக் கருவியால் காணக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதே அதன் பொருள். கருவி 5 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்க இயலாதது, பாதுகாப்பு எல்லையோ 1 மில்லிகிராம் என்றால், அந்தச் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. அறிக்கையைக் கையில் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கண்டறியும் எல்லை எவ்வளவு என்பதைத்தான். அதேபோல் எந்த வடிவம் அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்: ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது, மூவிணைதிறன் குரோமியத்தின் நச்சுத்தன்மை அதைவிட மிகக் குறைவு, "மொத்தக் குரோமியம்" என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது.

மூக்கை மட்டும் நம்பவே கூடாது. ஈயத்துக்கும் ஆர்சனிக் படிந்த மண்ணுக்கும் வாசனை இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும், ஆனால் செறிவு கூடும்போது அதுவே மோப்ப உணர்வை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைப்பவர் அப்போதுதான் மிகப் பெரிய ஆபத்தில் இருப்பார்.

காத்திருந்தால் போகுமா?

சில நச்சுகள் போகும், சில போகா. அரைவாழ்வுக் காலம் என்பது ஒரு பொருள் சிதைந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம். டையாக்சின்கள் எனப்படும், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களில் மிகக் கொடியதான டிசிடிடிக்கு மேல் மண்ணில் 9 முதல் 15 ஆண்டுகள் வரையும், ஆழத்தில் 25 முதல் 100 ஆண்டுகள் வரையும் அரைவாழ்வுக் காலம் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. நூறில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ ஏழு அரைவாழ்வுகள் வேண்டும். பத்தாண்டு அரைவாழ்வு என்று தாராளமாகக் கொண்டாலும் 66 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உலோகங்களுக்கோ இந்தக் கணக்கே இல்லை. ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் தனிமங்கள். அவை வேறு சேர்மமாக மாறலாம், இடம் பெயரலாம், சிதைந்து மறையமாட்டா. பிரான்சில் வெர்தனுக்கு அருகே ஒரு காட்டில், முதல் உலகப்போரில் எஞ்சிய சுமார் 2,00,000 வேதிக் குண்டுகளை 1928-இல் எரித்தார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து அந்த மண்ணை ஆராய்ந்தபோது சில மாதிரிகளில் எடைக்கு எடை 17 விழுக்காடு ஆர்சனிக் இருந்தது. அதாவது ஒரு கிலோ மண்ணில் 170 கிராம். காட்டுக்கு நடுவே அந்தத் திட்டில் மட்டும் செடிகொடி பெரும்பாலும் முளைக்காமலே இருந்தது.

மூன்று ஊர்கள், மூன்று முடிவுகள்

இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலை 10 அன்று ஒரு வேதி ஆலையிலிருந்து டிசிடிடி கலந்த மேகம் வெளியேறியது. மக்களை வெளியேற்றத் தொடங்கியதோ 16 நாள் கழித்துத்தான். அதன்பின் அவர்கள் செய்த நல்ல காரியம், நிலத்தை ஒரே துண்டாகப் பார்க்காமல் மண்ணிலுள்ள செறிவைக் கொண்டு பிரித்தது. சதுர மீட்டருக்குச் சராசரி 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த பகுதி ஏ. அங்கிருந்த 736 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். 5 முதல் 50 வரை இருந்த பி பகுதியில் மக்கள் வீட்டிலேயே இருக்கலாம், அங்கு விளைந்ததையும் அங்கு வளர்த்த கால்நடைகளையும் உண்ணக் கூடாது. அதற்கும் குறைவாக இருந்த பகுதியில் கட்டுப்பாடுகள் இன்னும் தளர்வானவை. ஏ பகுதியில் மாசு குறைவாயிருந்த வீடுகளைச் சுத்தம் செய்து சில குடும்பங்களை 1977 இறுதியில் திரும்ப அனுமதித்தார்கள்; மிக மோசமான பகுதியில் வீடுகளை இடித்து, மேல் மண்ணை வழித்தெடுத்து, இரண்டு பெரிய தொட்டிக் குழிகளில் புதைத்து மூடினார்கள். அதன்மேல் இன்று ஓக் மரங்கள் நிற்கும் பூங்கா இருக்கிறது. நடக்கலாம், குடியிருக்க முடியாது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற சிற்றூரில், தெருப் புழுதியை அடக்க 1970-களில் தெளித்த கழிவு எண்ணெயில் டையாக்சின் இருந்தது. குடியிருப்பு மண்ணில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் டிசிடிடி இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று அப்போது வகுத்திருந்தார்கள். 1982 டிசம்பரில் ஆற்றுவெள்ளம் ஊரை மூழ்கடித்த சமயத்திலேயே ஆய்வு முடிவும் வந்து, வெள்ளத்துக்காக வெளியேறியவர்கள் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது. 1983-இல் அரசு ஊரையே விலைக்கு வாங்க முடிவெடுத்தது. பிறகு அங்கேயே எரிஉலை அமைத்து, மாநிலத்தின் பிற இடங்களிலிருந்து கொண்டுவந்த மண்ணோடு சேர்த்துச் சுமார் 2,65,000 டன்னை எரித்தார்கள். 1999-இல் அந்த இடம் மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மண் சுத்தமான பிறகும் ஊர் ஊராகத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: பதினேழு ஆண்டுகளில் அந்த மக்கள் வேறெங்கோ வேரூன்றிவிட்டார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நயாகரா நகரின் லவ் கெனால் கதைதான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் வேதிக்கழிவைக் கொட்டி மூடி, அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தார்கள். பள்ளி வந்தது, வீடுகள் வந்தன. 1978-இலும் 1980-இலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டு 900-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. 1988-இல் மாநிலச் சுகாதார ஆணையர், சுற்றியுள்ள பகுதிகளில் சில குடியிருக்கத் தக்கவை, சில தொழில்பயன்பாட்டுக்கு மட்டும் ஏற்றவை என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, குறிப்பிட்ட சில வேதிப்பொருட்கள் அங்கே எவ்வளவு இருக்கின்றன, அதே வட்டாரத்தில் இதைப் போன்ற வேறு குடியிருப்புகளில் எவ்வளவு இருக்கின்றன என்ற ஒப்பீடு. அண்டை அயலில் இருப்பதைவிட மோசமில்லை என்றால் குடியிருக்கலாம். இதில் ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் எந்த மண்ணும் முற்றிலும் தூயதல்ல. ஆர்சனிக் போன்றவை இயற்கையாகவே மண்ணில் உண்டு. ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட வட்டாரமே பல்லாண்டுத் தொழிற்சாலைப் புகையில் வாழ்ந்தது என்றால், அண்டை வீட்டைவிட மோசமில்லை என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றாகிவிடுமா? ஆகாது என்றே நான் கருதுகிறேன். இரண்டு அளவுகோல்களையும் மக்கள் முன் வைத்து, எதைக் கொண்டு தீர்ப்புச் சொல்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பிய பிறகு

நிலத்தைத் திறந்த நாளோடு வேலை முடிவதில்லை. மாசடைந்த நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும்போது செறிவு குறைந்துகொண்டே வந்து எல்லைக்குள் நின்றுவிடும். பம்பை நிறுத்திச் சில மாதங்களில், மண்துகள்களின் இடுக்கில் ஒட்டியிருந்த நச்சு மெல்ல வெளிவந்து நீரின் செறிவு மீண்டும் ஏறும். ஆகவே பம்பு ஓடும்போது எடுத்த அளவை வைத்துக் கிணற்றைத் திறக்கக் கூடாது. நிறுத்திவைத்துப் பல மாதங்கள் தொடர்ந்து அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். நச்சை மூடிவைத்த நிலங்களில் கிணறு தோண்டாதே, இத்தனை அடிக்குக் கீழே தோண்டாதே, நிலத்துக்கு அடியில் அறை கட்டாதே என்ற தடைகள் இருக்கும். அவை நிலப் பத்திரத்தோடு சேர்ந்து பயணிக்க வேண்டும். வாங்குபவரின் பேரப்பிள்ளை வீட்டைப் புதுப்பிக்கும்போதும் அவை கண்ணில் பட வேண்டும். லவ் கெனாலில் விற்பனைப் பத்திரத்திலேயே கழிவைப் பற்றிய எச்சரிக்கை இருந்தும், அது குடிவந்த குடும்பங்களைச் சென்றடையவில்லை.

கழிவை விட்டுவைத்து மூடிய இடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. லவ் கெனாலின் கால்வாய் இன்று களிமண் மூடிக்கும் வேலிக்கும் உள்ளே இருக்கிறது. 2004-இல் அதைத் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து, அதாவது முதலில் சுத்தம் செய்ய வேண்டிய மாசு நிலங்களின் பட்டியலிலிருந்து, நீக்கினார்கள். ஆனால் 1953-இல் கொட்டி முடித்த கழிவு இன்னும் அடியிலேயே இருக்கிறது. அதிலிருந்து கசியும் நீரைச் சுற்றிலும் பதித்த வடிகால் குழாய்கள் சேகரிக்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் இப்போதும் ஓடுகிறது. கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து இப்போதும் நீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், தெரு தாண்டி, வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள்.